கலாசாலையும் வகுப்பறையும்: திருப்பூர் வட்டாரத்தில் ஆசிரியர்ப் பயிற்சி

திருப்பூர் மாவட்டத்தின் படத்தை விரித்து வைத்து நோக்குவோருக்கு ஒரு விசித்திரம் புலப்படும். பனியன் தொழிலால் தேசாந்தரங்களிலும் பெயர் பெற்ற மாநகரம், நொய்யலாற்றின் இரு மருங்கிலுமாக, மாவட்டத்தின் வடபாகத்தில் அமைந்திருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்று அரசு நிறுவியுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமோ, உடுமலைப்பேட்டைக்கும் அப்பால், தென்கோடியில், திருமூர்த்தி மலையடிவாரத்துத் திருமூர்த்தி நகரில் இருக்கிறது. இதற்குச் சரித்திர காரணம் உண்டு. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் இத்தகைய நிறுவனங்கள் தோன்றிய காலத்தில், திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு நகரமாகவே இருந்தது. கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்துத் தனி மாவட்டம் அமைத்தது 2009ஆம் ஆண்டில்தான். ஆகவே இத்தூரத்துக்காக எவரையும் குறை கூறுதல் நியாயமாகாது. ஆயினும், ஆசிரியர் உருவாகும் இடத்துக்கும் அவர் பின்னர் ஆயுள் முழுவதும் உழைக்கப் போகும் இடத்துக்கும் இடையே நம் நாட்டில் நிலவும் பெரிய விலகலை இந்தப் படம் கண்ணுக்கு எதிரே காட்டிவிடுகிறது. அந்த விலகலில் பேருந்துக் கட்டணத்தால் தீரக்கூடியது ஒரு சிறு பங்கே. மீதமுள்ள பெரும் பங்கைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஆசிரியர் வேலைக்கு வருகிற இளைஞரோ யுவதியோ இவ்வூரில் எத்தகைய குழந்தைகளைச் சந்திக்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டையொட்டி முதல் பின்னலாடைத் தொழிற்சாலை தோன்றியதாகச் சொல்லப்படும் இந்நகரம், இன்று ஆண்டொன்றுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ஆடைகளை ஏற்றுமதி செய்கிறது. இதன் பொருட்டு மதுரை, தேனி, தஞ்சை வட்டாரங்களிலிருந்து முன்பும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து பின்பும், குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். தாயும் தகப்பனும் காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால், ஆர்டர் நெருக்கும் நாட்களில் ‘ஒன்றரை ஷிப்ட்’ முடித்து இரவு எட்டரை மணிக்குத்தான் வெளியே வருவார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வரும். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு சொந்த ஊர் சென்ற குடும்பம் திரும்பி வரும்போது, வேறு கம்பெனி, வேறு தெரு, ஆகையால் குழந்தைக்கு வேறு பள்ளி என்றாகிவிடுவதும் உண்டு. வருகைப் பதிவேட்டில் கார்த்திகை மாதத்தில் விழுகிற இடைவெளிகளுக்கு இவ்வாறான அர்த்தம் உண்டென்பதை எந்தப் பாடநூலும் ஒரு புதிய ஆசிரியருக்குச் சொல்லித் தர இயலாது; அதே பள்ளியில் பல வருஷம் பணிபுரிந்த ஓர் ஆசிரியை அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

பள்ளிக்குள்ளேயே ஆசிரியர் உருவாவது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்தறிவித்து, அவ்வப்போது தானே உபாத்தியாயராகவும் ஆனான். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை வகுத்தார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால், அது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. அம்முறையின் குறைபாடும் வெளிப்படையானதே. கண்டதைக் கண்டவாறு செய்வதற்கு அது பழக்கிற்று. செய்வதன் காரணத்தை வினவ இடந்தரவில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டே 1856இல் சென்னையில் அரசாங்கத்தின் ஆசிரியர்ப் பயிற்சிப் பள்ளி தோன்றி, பின்னர் சைதாப்பேட்டைக்கு மாறி, சர்வகலாசாலையின் எல்.டி. பட்டத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் கலாசாலையாக உயர்ந்தது. கல்வித் தத்துவமும் மனோதத்துவமும் பாடங்களாயின. ஆனால் ஒரு காரியத்தின் நியாயத்தைக் கற்பிக்கும் இடம் உயர உயர, காரியம் நடக்கிற இடம் அதன் பார்வையிலிருந்து மறைந்துகொண்டே போயிற்று. அருகிலுள்ள பள்ளிகள், மாணவ ஆசிரியர்கள் சில நாள் சென்று பாடம் நடத்திக் காட்டி, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற்றுத் திரும்புகிற களங்களாயின.

இந்தப் பிரிவினையை உணர்ந்து, கலாசாலையையும் பள்ளியையும் ஒரே வளாகத்தில் நிறுத்திக் காட்டியவர் திருப்பூர் மண்ணின் மைந்தர் ஒருவரே என்பது இவ்வட்டாரத்தார் மறக்கத்தகாத விஷயம். 1903ஆம் ஆண்டு திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், சட்டம் பயின்றும் அத்தொழிலில் நிலைக்காமல், தேச விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர். 1930இல் கோயம்புத்தூரில் அவர் ஆரம்பித்த ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயம், பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் விரிந்த நிலப்பரப்பில் அமைந்தது. 1934ஆம் ஆண்டில் காந்தியடிகள் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். பாரதியாரின் பாடல்களைப் பொதுவுடைமையாக்கிய கல்வி மந்திரி என்றும், தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு மூலகாரணமாய் இருந்தவர் என்றும் தமிழுலகம் அவரை அறியும். அவர் மந்திரியாய் இருந்த 1946 முதல் 1949 வரையிலான ஆண்டுகளுக்குப் பின், 1950இல், அதே வித்யாலய வளாகத்தில் ஆசிரியர் கல்லூரி தோன்றியது. குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளியும், அக்குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிலும் பட்டதாரிகளும் ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே தோட்டத்தில் உழைத்து வாழும் அமைப்பு அது. கைத்தொழிலின் வாயிலாக அறிவை வளர்க்கும் ஆதாரக் கல்வியின் இலட்சியம் அதன் அடிநாதமாக இருந்தது.

இங்கே ஒருவரைத் தனியே குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பிற்காலத்தில் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராய் விளங்கிய பெரியசாமித் தூரன், வித்யாலயப் பள்ளியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். கவிஞரும் இசைவாணருமான அவர், குழந்தை மனத்தைப் பற்றியும் பொதுவாக உளவியலைப் பற்றியும் தமிழில் நூல்கள் எழுதினார். அந்தத் துறையைத் தமிழில் எழுதுவதற்கு அந்நாளில் ஒரு சர்வகலாசாலைப் பேராசிரியரைத்தான் எதிர்பார்த்திருப்போம். எழுதியவரோ நாள்தோறும் பிள்ளைகளோடு பழகிய பள்ளிக்கூட ஆசிரியர். பள்ளியில் பெற்ற அனுபவம் தானே சாஸ்திரமாக மலர இயலும், அதற்கு வேண்டுவன சற்று அவகாசமும் உடன் சிந்திக்கும் தோழர்களுமே என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. கலாசாலை அறிவை வழங்குவது, பள்ளி அதைப் பெற்றுக்கொள்வது என்ற ஒருவழிப் போக்கை நாம் இன்றும் இயல்பாகக் கொண்டிருக்கிறோமே, அது இந்த ஓர் உதாரணத்தின் முன்னேயே நிற்காது.

வித்யாலயத்தின் முறை அப்படியே திருப்பூரின் மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்றால், பொருந்தாதென்றே கருதுகிறேன். விடுதியில் தங்கிய பிள்ளை நாள் முழுவதும் ஆசிரியரின் கண்காணிப்பில் இருந்தது. கம்பெனித் தொழிலாளியின் பிள்ளையோ மாலையில் பூட்டிய வீட்டுக்குத் திரும்புகிறது. இலட்சியப் பள்ளியில் பயிற்சி பெற்றவர் சாதாரணப் பள்ளியில் திகைத்துப் போதல் எங்கும் காணப்படும் அனுபவம். 1963இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் மைசூரில் பிராந்தியக் கல்லூரியை நிறுவியபோது அதனுடன் ஒரு மாதிரிப் பள்ளியையும் இணைத்தது. பின்லாந்திலும் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமான பயிற்சிப் பள்ளிகள் உண்டு. இவை மிகுந்த பயன் விளைப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கலாசாலை தனக்கென்று வைத்துக்கொண்ட பள்ளியும், ஊர் தனக்கென்று நடத்துகிற பள்ளியும் வெவ்வேறு. பின்னதனோடு உறவு கொள்வதே கடினம்; அதுவே அவசியமும்.

1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு இக்கடினத்தைத் தெளிவாகவே கண்டது. ஆசிரியர்ப் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், தமக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றும் தனிமைப்பட்டுக் கிடக்கின்றன என்று மூவகைத் தனிமையை அது எடுத்துரைத்தது. பரிகாரமும் கூறிற்று: பயிற்சிக்கு உதவும் பள்ளிகளுக்கு ‘ஒத்துழைக்கும் பள்ளி’ என்ற விசேஷ அங்கீகாரமும் மானியமும் அளிக்க வேண்டும், அப்பள்ளிகளின் ஆசிரியர்களும் பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர்களும் அவ்வப்போது இடம் மாறிப் பணிபுரிய வேண்டும். இந்த இரண்டாம் யோசனையை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிட்டோம் என்பதை நினைக்க வருத்தம் மேலிடுகிறது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஓராண்டு முழுவதும் மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அப்பள்ளியின் கணக்காசிரியை அவருடைய இடத்தில் இருந்து பி.எட். மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டால், இன்று நாம் அதை நம்புவதற்கே தயங்குவோம்.

நிர்வாக அமைப்பு சென்ற திசை இதற்கு எதிரானது. 1982இல் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றிய பின், இவ்வட்டாரத்துக் கல்வியியல் கல்லூரிகள் அதனோடு இணைந்திருந்தன. 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் சென்னையில் நிறுவப்பட்டதும், மாநிலம் முழுவதிலும் உள்ள கல்வியியல் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. பாடத்திட்டத்தில் ஒருமைப்பாடும் தேர்வில் ஒழுங்கும் இதனால் வாய்த்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நொய்யல் கரையின் பொருளாதாரத்தையும் சமூகத்தையும் மொழிகளையும் ஆராய்கிற துறைகள் ஒரு பல்கலைக்கழகத்திலும், அக்கரையில் கற்பிக்கப் போகும் ஆசிரியர்கள் வேறொரு பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்துவிட்டன. கோத்தாரி குழு கண்டு வருந்திய மூவகைத் தனிமையில் முதலாவதை நாம் சட்டத்தாலேயே ஸ்திரப்படுத்திவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளியோடுள்ள உறவு நிலை என்ன? தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, முன்பிருந்த நாற்பது நாள் டீச்சிங் பிராக்டிஸ் என்ற குறுகிய ஏற்பாட்டை மாற்றி, பள்ளியில் இருக்க வேண்டிய காலத்தை இருபது வாரங்களாக நீட்டின: முதலாண்டில் நான்கு, இரண்டாமாண்டில் பதினாறு. இது பாராட்டுக்குரிய முன்னேற்றம். எனினும் அவ்விதிகள் மாணவ ஆசிரியரின் வாரங்களை எண்ணிய அளவுக்கு, அவரை ஏற்று நடத்தும் பள்ளி ஆசிரியரின் மணிகளை எண்ணவில்லை. ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்ற பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கிறது. ஐம்பது நோட்டுத் திருத்தலும், எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளப் பதிவுகளும், விலையில்லாப் புத்தக விநியோகமும் ஆகிய தம் அன்றாட அலுவல்களுக்கு இடையே, ரெக்கார்டில் கையொப்பமிடுவதற்கு மேல் அவர் என்ன செய்ய முடியும்? பயிற்சி ஆசிரியர் வந்துவிட்டால், விடுப்பில் போனவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்ததென்று பள்ளி ஆறுதல் கொள்கிறது. பதினாறு வாரமும் கழிந்த பின் ‘கமிஷன்’ என்று வழங்கும் செய்முறைத் தேர்வு நடக்கும்போது, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சார்ட்டுகளையும் ரெக்கார்டுகளையும் புரட்டிப் பார்த்து, ஒரு பாடத்தின் சில நிமிஷங்களைக் கேட்டு மதிப்பிடுவார். நான்கு மாதம் நாள்தோறும் கண்ட வழிகாட்டி ஆசிரியையின் சாட்சியத்துக்கு அங்கே தக்க இடம் இல்லை.

இதனால் இழப்பது யாதென்பதை ஒரு பாடத்தைக் கொண்டு விளக்குகிறேன். ஏழாம் வகுப்பில் விகித சமம் நடத்த வேண்டும். கல்லூரியில் கற்றபடி, பயிற்சி ஆசிரியை நோக்கம், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டங்கள் வரைந்து, ஐந்து ஆப்பிளின் விலை தெரிந்தால் எட்டு ஆப்பிளின் விலை என்ன என்ற கணக்கை வர்ண சார்ட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். வகுப்பில் இருக்கும் ஒரு சிறுமியின் தாய் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ வேலை செய்பவர். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரத்தில் நான்கு நாள் ஒன்றரை ஷிப்டும் இரண்டு நாள் ஒரு ஷிப்டும் பார்த்த தாய்க்குச் சனிக்கிழமை என்ன வரவேண்டும் என்று அச்சிறுமியைக் கேட்டால், எட்டு ஷிப்ட், 4000 ரூபாய் என்று மனத்துக்குள்ளேயே கூட்டிச் சொல்லிவிடும். ஆப்பிள் கணக்கில் அதே சிறுமி வாய் மூடி நிற்கிறது. வழிகாட்டி ஆசிரியைக்கு இது நன்றாகத் தெரியும். ஷிப்டுக் கணக்கில் தொடங்கினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள் என்பதைப் பழக்கத்தால் அறிந்தவர் அவர். ஆனால், ஷிப்டுக் கூட்டலிலிருந்து விகித சமம் என்ற பொதுவான எண்ணத்துக்குக் குழந்தை எவ்வாறு கடந்து வருகிறது, எந்த இடத்தில் கூட்டலோடு நின்றுவிடுகிறது, ‘மூன்று மடங்கு’ என்ற நினைவு எப்போது பிறக்கிறது என்பவற்றைப் பகுத்துரைக்கும் சாஸ்திரம் கல்லூரியிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே மேஜையில் சந்தித்தால் அந்தப் பயிற்சி ஆசிரியை ஒரு பருவத்தில் பெறுகிற அறிவை, அவர் தனியாகத் தேடிப் பெறப் பத்தாண்டு ஆகும். பெறாமலே போவதும் உண்டு.

இந்தச் சந்திப்பையே ஏற்பாடாக்கியதுதான் 1987இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் சிறப்பு. சுற்றுவட்டாரத்துச் சாதாரணப் பள்ளிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மாணவ ஆசிரியர்களை ஒருவர் இருவராகச் சிதறவிடாமல் ஒரு பள்ளிக்கு ஒரு குழுவாக அனுப்பி, பாடந்தோறும் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரையும் இணையாக நியமித்தார்கள். அத்திட்டத்தை வகுத்தோரில் முக்கியமானவராகிய டொனால்ட் மக்கின்டயர் வற்புறுத்திய கொள்கை இது: பல்கலைக்கழகம் சொல்வதைப் பள்ளியின் நடைமுறையைக் கொண்டும், பள்ளியின் நடைமுறையைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியைக் கொண்டும் மாணவ ஆசிரியர் சோதித்துப் பார்க்க வேண்டும், எதையும் அதிகாரத்தின் பேரால் ஏற்கலாகாது. 1992இல் இங்கிலாந்து அரசு, இடைநிலைப் பள்ளி ஆசிரியர்ப் பயிற்சியின் முப்பத்தாறு வாரங்களில் இருபத்து நான்கைப் பள்ளியிலேயே கழிக்க வேண்டுமென்று ஆணையிட்டு, பல்கலைக்கழகம் பெறும் பணத்தில் ஒரு பகுதி பள்ளிக்குப் போகும்படியும் செய்தது. வாரங்களைப் பெருக்கினால் மட்டும் ஆக்ஸ்போர்டின் சாரம் எங்கும் விளைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பள்ளியின் உழைப்புக்கு ஒரு விலை உண்டென்று அவ்வரசு ஒப்புக்கொண்டதை மட்டும் நாம் கவனித்தல் தகும்.

திருப்பூருக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. கைமடியாய்ச் சேர்ந்த பெண் சாப்பாட்டு இடைவேளையில் ஓவர்லாக் மெஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பழகி டெய்லராகிற வழக்கம் இவ்வூரின் பழைய பயிற்சி முறை. அவ்வழக்கம் மட்டும் உலகச் சந்தைக்குப் போதாதென்று கண்டபோது, ஏற்றுமதியாளர் சங்கத்தார் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் துணையோடு 1997இல் இங்கேயே ஒரு பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரியைத் தோற்றுவித்தார்கள். கல்விக்கும் தொழிற்களத்துக்கும் தூரம் இருக்கக் கூடாதென்பதைத் துணிக்காக உணர்ந்த ஊர், அத்துணியைத் தைப்பவர்களின் குழந்தைகளுக்காகவும் உணரும் என்றே நம்புகிறேன்.

இப்பள்ளிகளில் மொழியின் விஷயம் தனிக் கவனத்துக்கு உரியது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அது சரியான சட்டம். ஆனால் நம் கல்வியியல் கல்லூரிகளின் ‘தமிழ் கற்பித்தல்’ பாடம், வீட்டில் தமிழ் பேசும் குழந்தையையே பெரும்பாலும் மனத்தில் கொண்டிருக்கிறது. ஒடியாவையோ போஜ்புரியையோ பேசுகிற குழந்தை நான்காம் வகுப்பின் நடுவில் வந்து சேரும்போது, எழுத்தைத் தொடங்குவதா பேச்சைத் தொடங்குவதா, லகர ழகர ளகர பேதங்களை எப்போது வற்புறுத்துவது என்பவற்றை இவ்வூர் ஆசிரியைகள் தாமாகவே முயன்று கண்டறிந்து வருகிறார்கள். எழுதி வைப்பாரின்றி, அவர்கள் ஓய்வுபெறும்போது அவ்வறிவும் உடன் போய்விடுகிறது. கோயம்புத்தூர் வரையிலும் எத்தனை மொழியியல், சமூகவியல் துறைகள் இருக்கின்றன! ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் இரண்டு பயிற்சி ஆசிரியர்களும் ஓர் ஆசிரியையோடு ஓராண்டு உட்கார்ந்தால், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கு ஒரு நல்ல கைநூல் இந்நகரத்திலிருந்தே பிறக்கும்.

நான் வேண்டுவது பெரிய திட்டமன்று. ஒரு கல்வியியல் கல்லூரி, அதனருகிலுள்ள நாலைந்து மாநகராட்சி, அரசுப் பள்ளிகள். ஆண்டுதோறும் மாறாத அதே பள்ளிகள், அதே வழிகாட்டி ஆசிரியர்கள். அவர்களுக்கு வாரத்தில் சில பாடவேளைகளை முறைப்படி குறைத்து, அந்நேரத்தைப் பயிற்சி ஆசிரியரோடு பேசுவதற்கென்று ஒதுக்க வேண்டும். கமிஷனில் அவர்களுடைய மதிப்பெண்ணுக்குப் பாதி இடமாவது கொடுக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஒருமுறையேனும் அவர்கள் வந்து பாடம் நடத்த வேண்டும். கல்லூரி ஆசிரியர் பள்ளியில் ஒரு வகுப்பைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தலைமையாசிரியர்கள் சொல்லும் ஆட்சேபணை எனக்குத் தெரியும்: பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பைப் பயிற்சி ஆசிரியர் கையில் ஒப்படைக்க அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆகையால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளையே இவ்வேற்பாட்டுக்குக் கொள்ளலாம். அங்கும் வழிகாட்டி ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியேறாமல், கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்து, பாடவேளை முடிந்தவுடன் பத்து நிமிஷம் பேசுவதற்கு அவகாசம் இருக்கும்படி காலஅட்டவணையை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முதன்மைக் கல்வி அலுவலரின் ஓர் உத்தரவு போதும்.